ஏழாவது கேள்வி

4.11.2025, செவ்வாய்

மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனிலேயே எல்லோரையும் உட்கார வைத்து மீட்டிங். ஹெச்.ஆர். நெடுமாறன் சுவரில் படம் காட்டி அரை மணி நேரம் பேசினார். கம்பெனி மூலமாக ஒரு புது இன்ஷூரன்ஸ். இது செத்தால் வருவது இல்லையாம். சாகாமல், வேலைக்கும் போக முடியாமல் கிடந்தால் வருவதாம்.

ஏ பிளான் விபத்துக்கு மட்டும். பி பிளான் நோய்க்கும் சேர்த்து. வேலை செய்ய முடியாது என்று ஆகிவிட்டால் ஐம்பத்தெட்டு வயது வரை பாதிச் சம்பளம் வீட்டுக்கு வரும். ஏ பிளானுக்குக் கையெழுத்து மட்டும் போதும். பி பிளானுக்கு உடம்பைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகளுக்கு டிக் போட வேண்டும். 28ஆம் தேதி கடைசி நாள், ஜனவரி ஒன்றிலிருந்து அமல்.

வழக்கமாக இந்த மாதிரி மீட்டிங்கில் பின் வரிசையில் யாராவது கிண்டல் அடிப்பார்கள். இன்று ஒரு சத்தம் இல்லை. எல்லோர் மனசிலும் கொளஞ்சி அண்ணன்தான். பதினெட்டு வருஷம் எங்களோடு வேலை செய்தவர். ஆடி மாதம் பக்கவாதம் வந்து விழுந்தார். இப்போது வீட்டில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கிறார்.

எனக்கு இது இன்னும் நெருக்கம். ஜனவரியில் சூப்பர்வைசர் ஆனபோது செக்‌ஷன் முழுக்க லட்டு கொடுத்தேன். சம்பளம் வரம்பைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. காப்பு போய்விட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது. லட்டைத் திரும்ப வாங்க முடியுமா?

ஸ்டோர்ஸிலிருந்து என் தங்கை சரிதாவும் வந்திருந்தாள். அவளுக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. மீட்டிங் முடிவதற்குள் பி பிளானை நிரப்பிவிட்டாள். வீசிங் உண்டா என்பதற்கு மட்டும் ‘ஆம்’, மற்ற பதினொன்றுக்கும் ‘இல்லை’. “உனக்கு இன்னாக்கா, கல்லு மாதிரி இருக்க. நீயும் போட்டுக் குடுத்துட்டு வா” என்றாள்.

வீட்டில் நிதானமாகப் படிக்கிறேன் என்று சொல்லி ஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

5.11.2025, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

எங்கள் வேலை ஊசி மருந்து பாட்டிலைப் பார்ப்பது. விளக்குக்குக் கீழே ஒவ்வொரு பாட்டிலாகச் சுழற்றி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து விநாடி. நூல், கண்ணாடித் தூள், விரிசல் ஏதாவது இருந்தால் ஒதுக்க வேண்டும். நாங்கள் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று சோதிக்க, நடுவே கெட்ட பாட்டில்களைத் தெரியாமல் கலந்து வைப்பார்கள். பதினான்கு வருஷத்தில் என்னை எந்தப் பாட்டிலும் ஏமாற்றியதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

இன்று என் தட்டில் ஐந்து கலந்திருந்தார்கள். மூன்றைத்தான் பிடித்தேன்.

கழுவும் இடத்துக்குப் போய் வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் கண்ணாடியின் கீழ்ப்பாதி சாம்பல் பூசியது போல இருந்தது. என் முகவாய் இல்லை.

6.11.2025

இன்றும் மூடிப் பார்த்தேன். அப்படியேதான்.

8.11.2025, சனி

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெற்றிச்செல்வன் வேன் ஓட்டுகிற மனுஷன், எதையும் ரோடு மாதிரிதான் பார்ப்பார். எங்கே சிக்னல், எங்கே போலீஸ், எந்தச் சந்தில் திரும்பினால் தப்பிக்கலாம்.

ஃபார்மை வாங்கி ஏழாவது கேள்வியை மட்டும் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் கண், காது, நரம்பு தொடர்பாக மருத்துவரைப் பார்த்ததுண்டா?’

“பார்த்தியா?”

“இல்லீங்க.”

“அப்ப இல்லன்னு போடு. பொய் இல்லியே. ஜனவரி பொறக்கட்டும், ஒண்ணாந்தேதி தாண்டி நானே வேன்ல ஏத்திகினு போறேன்.”

சட்டம் படித்தவன்கூட இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டான். டாக்டரைப் பார்க்காத வரைக்கும் எனக்கு நோயே இல்லை. இன்னும் எட்டு வாரம். எட்டு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

என்ன ஆகிவிடும்?

9.11.2025, ஞாயிறு

அம்மா கடைசி நாலு வருஷம் கதவில் இடித்துக்கொண்டே நடந்தாள். வயசாகிவிட்டது என்றோம். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு. அது ஒரு வயசா?

12.11.2025, புதன்



என் மகள் துர்காவுக்குக் காலாப்பட்டில் காலேஜ். காலையில் மழை தூறிக்கொண்டிருந்ததால் பஸ் ஸ்டாப் வரை ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். முதலியார்பேட்டை தாண்டியதும் இடது பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. சத்தியமாக இல்லை. துர்கா “அம்மா!” என்று கத்தினாள். ஒரு பைக்காரன் என் முழங்காலை உரசிக்கொண்டு போய் விழாமல் நின்றான். “கண்ணு தெரியலியா உனக்கு?” என்று கத்தினான்.

தெரியலடா. தெரியல.

பெண் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எட்டு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சீ.

ஸ்கூட்டியை அங்கேயே நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். அவர் போய் எடுத்துவந்தார்.

14.11.2025, வெள்ளி

அரை நாள் லீவு. நூறடி ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கவுன்ட்டரில் அந்தப் பெண் தலை நிமிராமல் “பேரு?” என்றாள். ஆதிலட்சுமி என்று சொல்லத்தான் “ஆ” என்று வாயைத் திறந்தேன். “சரிதா” என்றேன்.

யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் யாரோ ஒரு விஜயலட்சுமி என்றாவது சொல்லியிருப்பேன். வாய்க்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பெயர்தான். “வயசு?” முப்பத்தெட்டு. “போன் நம்பர்?” பெயர் அவளுடையது என்றால் நம்பரும் அவளுடையதாக இருந்தால்தானே சரி என்று அவள் நம்பரையே சொன்னேன். பொய் சொல்வதிலும் எனக்கு ஒரு ஒழுங்கு. ஆதிலட்சுமி டாக்டரைப் பார்க்கவில்லை. ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது இனிமேலும் உண்மை. வெளியே உட்கார்ந்திருக்கும்போது இதை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா நிறைய சோதித்தார். ஒரு டப்பாவுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். புள்ளி வராமல் நீண்ட நேரம் போனது. மிஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். மிஷின் ரிப்பேர் இல்லை.

“க்ளாக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைச் சாகடிக்கும். இடது கண்ல பாதி போயிடுச்சு. வலதுல இப்பதான் ஆரம்பம். போனது திரும்பாதும்மா, இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் ரெண்டு வேளை சொட்டு மருந்து, ஆயுசுக்கும். விடக் கூடாது.”

தலையை ஆட்டினேன்.

“வீசிங் உண்டா?”

சரிதாவுக்கு உண்டு. எனக்கு இல்லை. யாரைக் கேட்கிறார்? மருந்து என் கண்ணுக்குத்தானே போகப்போகிறது. “இல்ல” என்றேன்.

“நல்லது. இந்த மருந்து வீசிங் உள்ளவங்களுக்கு ஆகாது, மூச்சே நின்னுடும். முப்பத்தெட்டு வயசுக்கு இது ரொம்ப சீக்கிரம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு அக்கா” என்றேன்.

“அவங்களையும் உடனே கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல வரும்.”

15.11.2025, சனி

இரண்டு வேளையும் போட்டேன். எரிகிறது.

17.11.2025, திங்கள்

ஃபார்ம் இன்னும் கொடுக்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோய் இரண்டு தடவை திருப்பி எடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம். “டாக்டர பாத்தது சரிதா. உனக்கு இன்னா பயம்?” என்கிறார். பேர் யோசனை என்னுடையது, சந்தோஷம் அவருடையது.

வேலையில் என் தட்டை நான் நம்பவில்லை. எனக்குக் கீழே வேலை செய்யும் பார்வதியைக் கூப்பிட்டு, “நீ சீக்கிரம் சூப்பர்வைசர் ஆகணும்ல, நான் பாத்ததை நீ மறுபடி பாரு” என்றேன். அந்தப் பெண்ணுக்கு ஏக சந்தோஷம். நான் விட்ட ஒரு நூலை அவள் பிடித்தாள். அந்த ஊசி யார் கைக்குப் போயிருக்குமோ.

19.11.2025, புதன்

டீ நேரத்தில் சரிதா ஓடிவந்தாள். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘அன்புள்ள சரிதா, உங்கள் க்ளாக்கோமா மறுபரிசோதனை டிசம்பர் 12. மருந்தை நிறுத்த வேண்டாம்.’

“யாருக்கா இது? நான் அந்த ஆஸ்பத்திரி வாசல்கூட மிதிச்சதில்ல.”

“நம்பர் மாத்தி அனுப்பியிருப்பாங்க. டெலீட் பண்ணிடு” என்றேன். என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது! சூப்பர்வைசர் குரல்.

“பேரும் என் பேரா இருக்கே.”

“ஊர்ல எத்தினி சரிதா இருக்காங்க” என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் எப்போதும் நான் சொல்வதை நம்புவாள்.

22.11.2025, சனி

சரிதா போன் செய்தாள். அந்த மெசேஜைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லையாம். க்ளாக்கோமா என்றால் என்ன என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள். “நம்ம அம்மாவும் இப்பிடித்தானே இடிச்சிக்கினே நடந்தாங்க? எதுக்கும் ஒரு தடவ பாத்துடறேன். அந்த ஆஸ்பத்திரிக்கே போயி, நம்பரையும் எடுக்கச் சொல்லிட்டு, கண்ணையும் காட்டிட்டு வந்துடறேன். திங்கக்கெழம லீவு சொல்லிட்டேன்.”

போனை வைத்த பிறகு சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அங்கே போய் நின்று பெயரைச் சொல்வாள். சரிதா, முப்பத்தெட்டு, இந்த நம்பர். கம்ப்யூட்டரில் அவள் ஃபைல் தயாராக இருக்கும். நான் எழுதி வைத்த ஃபைல். வீசிங் இல்லை. இந்த மருந்து போடுகிறார். ஏதோ அவசரத்தில் யாரோ அதை நம்பி அந்த மருந்தை அவள் கையில் கொடுத்துவிட்டால்? மூச்சே நின்றுவிடும் என்றாரே. எட்டு வயசில் அவளுக்கு மூச்சு இழுக்கும்போது நான்தான் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உதடு நீலமாக ஆகும். அதைப் பார்த்தவள் நான். நான் போய் ‘இல்ல’ன்னு சொல்லிட்டு வந்திருக்கேனே!

இன்ஷூரன்ஸும்தான். நாலாம் தேதி அவள் நேர்மையாக ‘இல்லை’ என்று போட்டாள். பதினாலாம் தேதி அவள் பெயரில் நோய் ஏறிவிட்டது. நாளைக்கு அவள் ஏதோ ஒன்றுக்குப் பணம் கேட்டுப் போனால், ஏமாற்றுக்காரி என்று அவளைத்தான் சொல்வார்கள்.

எனக்கு ஒரு பாலிசி வேண்டும் என்று அவள் பெயரை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இவ்வளவு செய்திருக்கிறேன்.

23.11.2025, ஞாயிறு

நடந்தே போனேன், ஸ்கூட்டியை எடுக்கவில்லை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

அவள் முதலில் கேட்டது, “எவ்ளோ போச்சி?”

“இடது கண்ல பாதி.”

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் பெயரைப் பற்றி, ஃபார்மைப் பற்றி, ஏழாவது கேள்வியைப் பற்றிச் சொல்லச் சொல்ல முகம் இறுகிக்கொண்டே போனது.

“எங்கிட்ட கேட்டிருந்தா நானே பேரக் குடுத்திருப்பேன்கா. வாக்கா, எம் பேர்ல காட்டலாம்னு கூட வந்து நின்னிருப்பேன். நீ கேக்கல. நான் போனைத் தூக்கிகினு ஓடியாந்து கேட்டப்ப கூட ஊர்ல எத்தினி சரிதான்னு சொல்லி அனுப்பிட்ட.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுபடி மீனை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிய மீன்தான். “நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு” என்றாள்.

24.11.2025, திங்கள்

கவுன்ட்டரில் உண்மையைச் சொன்னேன். பின்னால் வரிசையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ‘நான் ஆதிலட்சுமி, வயது 42. என் தங்கையின் பெயரைத் தவறாகக் கொடுத்தேன்.’ கையெழுத்துப் போட்டேன். ஆதார் நகல் வாங்கிக்கொண்டார்கள்.

டாக்டரம்மா திட்டினார். நன்றாகவே திட்டினார். “இதால உங்க தங்கச்சி உயிரே போயிருக்கும், தெரியுமா?” தெரியும் என்றேன். பழைய ஃபைல் என் பெயருக்கு மாறியது. சரிதாவுக்குப் புதிதாக ஒன்று. ‘வீசிங் உண்டு’ என்று முதல் வரியிலேயே சிவப்பில் எழுதினார்.

பிறகு அவளைச் சோதித்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன்.

அவளுக்கும் அழுத்தம் அதிகம். நரம்பு மட்டும் முழுசாக இருக்கிறது. “ஒண்ணும் போகலை. சரியான நேரத்துல வந்தீங்க. ரெண்டு வருஷம் விட்டிருந்தா அக்கா மாதிரிதான் ஆகியிருக்கும்” என்றார் டாக்டரம்மா. வேறு மருந்து, வீசிங்குக்கு ஒத்துக்கொள்வது.

ஆட்டோவில் நானும் அவளும். வீடு வரைக்கும் அவள் வெளியே தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் முழுசாகத் திரும்பினால்தான் அவள் முகம் தெரிந்தது.

25.11.2025, செவ்வாய்

இன்றும் ஒரு அசட்டுத்தனம் செய்தேன்.

ஸ்டோர்ஸுக்குப் போய், யாரும் இல்லாதபோது சொன்னேன். “நீ நாலாந்தேதி எழுதிக் குடுத்தது அன்னிக்கி உண்மைதானேடி. அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியே விட்டுடு. என்னாலதான் போச்சுன்னு இருக்க வேணாம்.”

சரிதா பேனாவைக் கீழே வைத்தாள். “கடைசிப் பக்கம் படிச்சியா? ஒண்ணாந்தேதிக்குள்ள எது மாறினாலும் சொல்லணும்னு போட்டிருக்கு. பாட்டிலைப் பாக்குறல்ல, பேப்பரையும் அப்பிடிப் பாரு.” அவ்வளவுதான். போய் நெடுமாறனிடம் ஃபார்மைத் திரும்ப வாங்கி ஏழாவது கேள்வியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்குத்தான் எதையும் தள்ளிப்போடத் தெரியாதே.

நான் மட்டும் இல்லையென்றால் அவள் பாட்டுக்கு ஜனவரியில் முழு பாலிசியோடு இருந்திருப்பாள். கண் கெட்டுக்கொண்டே இருந்திருக்கும், அதுவும் உண்மை. எதற்காக என்னைத் திட்டுவது, எதற்காக விடுவது என்று எனக்கே கணக்கு வரவில்லை.

28.11.2025, வெள்ளி

கடைசி நாள். ஏழாவது கேள்விக்கு ‘ஆம்’.

நெடுமாறன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “மேடம், இதை எழுதினா கண்ணை மட்டும் தள்ளிட்டுத்தான் பாலிசி குடுப்பாங்க. உங்க வேலையே கண்ணுதான். தெரிஞ்சுதானே எழுதறீங்க?”

“தெரிஞ்சுதான் சார்.”

“அப்ப ஏ பிளான் போதுமே? காசாவது மிச்சமாகும்.”

அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எனக்குக் கண் மட்டுமா இருக்கிறது? கை இருக்கிறது, கால் இருக்கிறது, கொளஞ்சி அண்ணனுக்கு அடைத்த மாதிரி அடைக்கத் தலைக்குள் ரத்தக் குழாய் இருக்கிறது. “பி பிளானே போடுங்க” என்றேன். அவரிடமே இன்னொன்றும் சொன்னேன். நான் இனிமேல் பாட்டில் பார்க்கக் கூடாது, மேனேஜரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்று.

வீட்டில் அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். “ஊர்ல உள்ளவன் எல்லாம் உண்மையா எழுதறான் பாரு” என்றார். உண்மையை எழுதாதவர்கள் அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு இனி முடியாது.

3.12.2025, புதன்

டாக்குமென்ட் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் படி கிடையாது. மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் மேஜைக்குப் பார்வதி வந்துவிட்டாள். பதினான்கு வருஷம். பாத்ரூமில் ஐந்து நிமிஷம் அழுதேன், பிறகு ஃபைல்களை அடுக்கினேன்.

12.12.2025, வெள்ளி

மறுபரிசோதனை. தனியாகப் போனேன். சரிதா வேறு நாள் வாங்கியிருந்தாள். அழுத்தம் குறைந்திருக்கிறது.

25.12.2025

சரிதா பேசவில்லை. துர்காவிடம் பேசுகிறாள், அவரிடம் பேசுகிறாள். கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து ஊறுகாயைக்கூட எடுத்துக்கொள்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

6.1.2026, செவ்வாய்

பாலிசி வந்துவிட்டது. கம்பெனி கவரில் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘கண் மற்றும் பார்வை தொடர்பான இயலாமைக்கு இக்காப்பீடு பொருந்தாது.’ சரிதாவின் கவரிலும் இதே வரி இருக்கிறதாம், துர்கா சொன்னாள். மடித்து பீரோவில் வைத்தேன்.

10.1.2026, சனி

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாடிப்படி ஏறும்போதே பார்த்தேன், சரிதா உட்கார்ந்திருந்தாள். இன்று அவளுக்கும் நாள் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் எதிர் வரிசையில் உட்காரப் பார்த்தேன். அவள் அந்தக் காலி நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் காத்திருந்தோம்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து “சரிதா!” என்று கூப்பிட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எனக்கே தெரியாமல் நின்றுவிட்டேன். கூடமே என்னைப் பார்ப்பது போல இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. சரிதா என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“உக்காருக்கா. அது நான்” என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வந்தது. அந்தப் பெண் மறுபடி கூப்பிடும் வரை நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.